தன்னிறைவு அடைந்த ஒருவர்

கோட்டூர்புரத்தில், ஆற்றை ஒட்டிய தெருவில், ஒரு வீட்டு மாடியில் நான் ஒரே ஃபேனுக்குத் திரும்பத் திரும்பக் காயில் கட்டினேன். கட்டி முடித்ததும் ஓட்டிப் பார்ப்போம். ஓடும். தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் தலையை ஆட்டுவார். மறுநாள் காலை அதே காயிலைப் பிரித்து, கம்பியைத் துணியால் நீவி நேராக்கிச் சுற்றி வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். பயிற்சிக்கென்று வந்த செம்புக் கம்பி ஒரு தடவைக்குத்தான் காணும். இன்னொரு தடவை வாங்க அரசாங்கம் தந்த பணத்தில் இடமில்லை என்றார்கள். பிரித்துப் பிரித்துக் கட்டியதில் கம்பியின் மேல்பூச்சு உரிந்துவிட்டது. கால் மணி நேரத்துக்கு மேல் ஓடினால் ஃபேன் சூடேறி நாறத் தொடங்கும். அதற்குள் நிறுத்திவிடுவோம். அந்த வருடம் நான் கட்டிய ஃபேனின் கீழ் ஒருவரும் உட்கார்ந்து காற்று வாங்கவில்லை.

நான் மன்னார்ப் பக்கத்து ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அடுத்த வருடம் அந்தக் கட்டடத்தில் இராணுவம் வந்து இருந்துகொண்டது, ஆகவே நான் முந்திக்கொண்டதில் பெரிய நட்டமில்லை. பிறகு லொறியில் கிளீனர், புத்தளத்தில் உப்பளம், திருகோணமலையில் ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. ஓரிடத்தில் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நான் தங்கியதில்லை. யாரும் துரத்தியதால் அல்ல, கால் நிற்காது. தொண்ணூறுகளின் நடுவில் சண்டை மறுபடி தொடங்கியபோது படகேறினேன். நடுக்கடலில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரன் திரும்பிப் போனான். இந்தியக் கடற்படை எடுத்து வந்தது. மண்டபம் முகாமில் சில வாரம், பிறகு சென்னைக்கு வடக்கே ஒரு முகாம். அரிசி கொடுத்தார்கள், உதவிப்பணம் கொடுத்தார்கள், மாலை ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிடச் சொன்னார்கள். மூன்றாவதுதான் எனக்குச் சரிவரவில்லை.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. புதிதாக வந்த அகதிகள் அரசாங்கத்தின் கையை எதிர்பார்க்காமல் வாழப் பழக வேண்டும், அதற்குத் தொழில் கற்றுக்கொடுப்பது. டெல்லியில் ஒதுக்கிய பணம் மாநிலம் வழியாக ஒரு சங்கத்துக்கு வந்தது. சங்கம் இந்த மாடியை வாடகைக்கு எடுத்தது. ஆண்களுக்கு ஃபேன், மோட்டார் காயில் கட்டுதல், பெண்களுக்குத் தையல். முகாம்களிலிருந்து இருபது பேரைத் தேர்ந்தார்கள். நான் கையைத் தூக்கியது ஃபேனுக்காக அல்ல. பயிற்சி நடக்கும்வரை சென்னைக்குள் தங்கலாம் என்று போலீஸ் அனுமதி தருகிறது என்றார்கள், அதற்காக.

அனுமதியின் மறுபக்கம் வந்து சேர்ந்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. பயிற்சி முடிந்து ‘தன்னிறைவு அடைந்தார்’ என்று ஒருவரைப் பற்றி எழுதிவிட்டால், அன்றோடு அனுமதியும் முடியும். சென்னையில் கடை வைக்க எங்களுக்கு உரிமையில்லை. கற்ற தொழிலை முகாமுக்குப் போய்ச் செய்ய வேண்டும். முகாமில் பகலில் மின்சாரமே கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அதோடு தன்னிறைவு அடைந்தவருக்கு உதவிப்பணமும் நிற்கும். ஆக, கற்காமல் இருந்தால் முகாம். கற்றுத் தேறினால் முகாம். கற்றுக்கொண்டே இருந்தால் மட்டும் சென்னை.

அதனால் நாங்கள் மெதுவாகக் கற்றோம். ஊரில் ஜெனரேட்டரையே பிரித்து மாட்டிய ஒருவர் இங்கே ஸ்க்ரூட்ரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். தையல் அறையில் ஒரு பெண் மாதக்கணக்காகப் பிளவுஸ் கழுத்து வெட்டப் பழகினாள்.

மாஸ்டர் சென்னைக்காரர். கோட்டூர்புரம் பாலத்துக்குக் கீழே ஆற்றோரக் குடிசையில் இருந்தார். அவருக்கு எங்கள் தந்திரம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

“இன்னா நைனா, நேத்து கட்னத இன்னிக்குப் பிரிக்கிற, இன்னிக்குப் பிரிச்சத நாளைக்குக் கட்டுற. உனுக்கு எப்பத்தான் தொழிலு வரும்?”

“வராது மாஸ்டர்.”

“வராம பாத்துக்க. வந்துச்சோ, தூக்கிக்கினு பூடுவானுங்கோ.” பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சிரிப்பார். “உங்களுக்காவது மாடி, மோட்டாரு, நாலு மணிக்கு டீ. எங்களுக்கு கவர்மென்ட்டு அனுப்பறது லாரிதான். சாமான ஏத்து, போய்க்கினே இருன்னுவான். எப்ப வரப்போவுதுன்னு தெர்ல.”

நான் அந்த மாடியிலேயே படுத்துக்கொள்வேன். காவலுக்கும் ஆச்சு. விடுமுறை நாளில் நடப்பேன். அடையாறு பாலம், மந்தைவெளி, மயிலாப்பூர்க் குளம், அங்கிருந்து தி. நகர் வரை. ஊர் பெரியதுதான். ஆனால் எங்கே போனாலும் அதன் விளிம்பு மனதில் தெரிந்துகொண்டே இருக்கும். இதற்கு அப்பால் உனக்கு அனுமதியில்லை என்று. வாயைத் திறந்தால் கடைக்காரர்கள், “கேரளாவா?” என்பார்கள். ஆமாம் என்பேன். தொண்ணூற்றொன்றில் நடந்த கொலைக்குப் பிறகு அது பாதுகாப்பான பதில். பாண்டி பஜாரில் ஒரு செருப்புக் கடைக்காரர் என்னிடம் மலையாளம் பேசத் தொடங்கி, நான் செருப்பு வாங்காமலே ஓடி வந்த நாளும் உண்டு.

தையல் பகுதியில் முல்லைத்தீவுக்கார அக்கா ஒருவர் இருந்தார். அசோக் நகரில் ஓர் அறையில் இன்னும் இரண்டு பெண்களோடு தங்கியிருந்தார். அவருக்கு ஒரு மகள், எட்டு வயது. ஐந்து வயதில் வீட்டுப் பக்கத்தில் குண்டு விழுந்ததில் பிள்ளைக்கு இரண்டு காதும் போய்விட்டது. பேச்சு இருந்தது. மயிலாப்பூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டார்கள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், இருக்கிற பேச்சை விடாமல் வைத்திருக்கவும் அங்கே பழக்கினார்கள். தினமும் பழக்க வேண்டும், சில வருடம் பழக்க வேண்டும், இடையில் விட்டால் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும் என்று ஆசிரியை அக்காவிடம் சொல்லியிருந்தார். முகாமிலோ முகாமுக்குப் பக்கத்திலோ அப்படி ஒரு பள்ளிக்கூடம் இல்லை. அக்கா அந்த மாடியில் தையல் பழகியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. ஊரில் பள்ளிக்கூடம் முழுவதுக்கும் சீருடை தைத்துக் கொடுத்தவர் அவர்.

மாலையில் பிள்ளையைக் கூட்டி வருவது சில நாள் என் வேலை. எப்படியும் நடக்கிறவன்தானே. வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள்.

“இன்னா மாமா, லேட்டு?”

சென்னை உதடுகளைப் பார்த்துப் பழகியதால் அவள் பேச்சு சென்னைப் பேச்சாகிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் சற்றுத் தட்டையாக, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். அக்காவுக்கு அது பொறுக்காது. பிள்ளையின் தாடையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பி, “இன்னா எண்டு சொல்லாதை. என்ன எண்டு சொல்லு,” என்பார். பிள்ளை உதட்டைக் கவனமாகப் பார்த்துவிட்டு, “இன்னா எண்டு சொல்லு,” என்று திருப்பிச் சொல்லிவிட்டு ஓடும்.

முதல் வருடம் முடியப் போகும் நேரம், சங்கத்தின் செயலாளர் எங்கள் எல்லோரையும் கூட்டினார். மயிலாப்பூர் அம்மா, கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நாங்கள் மேடம் என்போம். நல்லவர். எங்களுக்கு நல்லது நடக்கிறது என்று மனதார நம்பியவர்.

“டெல்லிலேர்ந்து ஒரு அதிகாரி வரார். ஒரு வருஷம் பணம் குடுத்திருக்கோமே, யாராவது சொந்தமா நிக்கறாளான்னு பாக்க வரார். ஒருத்தரையாவது தன்னிறைவு அடைஞ்சுட்டான்னு காமிக்கணும். காமிச்சாத்தான் ரெண்டாவது வருஷப் பணம். இல்லேன்னா இதை மூடிட வேண்டியதுதான்.” சுற்றிப் பார்த்துச் சிரித்தார். “நான் யோசிச்சுண்டே இருந்தேன். அசோக் நகர்ல ஒரு தையல் கடையில பேசியாச்சு. நம்ம முல்லைத்தீவு அம்மாவுக்கு வீட்டுக்கே துணி குடுத்தனுப்பறாளாம். அதனால இவளைத்தான் காமிக்கப் போறேன்.”

எல்லோரும் கைதட்டினோம். முகாமில் இருந்து பழகியவர்களுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடும். அதிகாரம் உள்ளவர் சிரித்தால் கை தானாகத் தட்டும். அக்கா மட்டும் தட்டவில்லை. தையல் மெஷின் சக்கரத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் மொட்டைமாடியில் சாப்பிடும்போது அக்கா வாயைத் திறந்தார்.

“கைதட்டினியள் எல்லே? நல்லாத் தட்டினியள். என்னைக் கொண்டுபோய் விட நாளும் பாத்தாச்சு, மேளமும் அடிச்சாச்சு.”

“கடைக்காரன் வேலை தாறான் எண்டு மேடம் சொல்றா,” என்றேன்.

“தருவான். நான் அசோக் நகரிலை இருந்தாத்தானே தருவான்? தேறினதும் முகாம். முகாமுக்குத் துணி ஆர் கொண்டந்து தாறது?”

“மேடமாண்ட சொல்லு அக்கா,” என்றார் மாஸ்டர். “அது நல்ல பொம்பள.”

“சொல்லி? நான் இல்லையெண்டா வேற ஆர்? ஒருத்தரும் இல்லையெண்டாக் காசு வராது. காசு வராட்டி எல்லாரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அப்பவும் என்ர பிள்ளை முகாமிலைதான்.”

சோற்றைப் பிசைந்துகொண்டே, “நான் இருக்கிறன் எல்லே,” என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்று முதல் தடவையாகச் சிரித்தார். “நீயோ? நீ தன்னிறைவோ? உன்ர சேட்டுக்குப் பொத்தான் தைச்சுத் தந்தது நான்.”

மாஸ்டருக்குப் புரையேறிவிட்டது.

நான் சொன்னதை யாரும் பெரிதாக எடுக்க வேண்டாம். எனக்குப் பின்னால் பிள்ளை குட்டி இல்லை. இன்னொரு எண்ணமும் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு செக் பொயின்ட்டைத் தாண்டப் பாஸ் வேண்டும். பாஸ் இல்லாதவன் கையில் இருக்கிற எந்தக் காகிதத்தையாவது நீட்டுவான்; கிராம சேவையாளர் கடிதமோ, ஆஸ்பத்திரித் துண்டோ, முத்திரை இருந்தால் போதும். பாதி நேரம் விட்டுவிடுவார்கள். அப்படி வளர்ந்தவர்கள் நாங்கள். மத்திய அரசு அதிகாரி கையெழுத்துப் போட்டு, இந்த ஆள் சொந்த உழைப்பில் வாழக்கூடியவர் என்று ஒரு சான்றிதழ் தந்தால், அதை வைத்துக்கொண்டு திருப்பூருக்கோ பம்பாய்க்கோ போய்விடலாம் என்று நான் நினைத்தேன். தன் உழைப்பில் வாழ்கிறவனை எதற்காக அடைத்து வைக்கப் போகிறார்கள்?

மயிலாப்பூரில் மேடத்தின் வீட்டுக்குப் போனேன். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. உள்ளறையில் பிள்ளைகள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். மேடம் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்தார்.

“நீயா? உன்னை என்னன்னு நான் காமிக்கறது? ஊரைச் சுத்திண்டிருக்கான்னு மாஸ்டர் சொல்றாரே.”

“ஃபேனுக்குக் காயில் கட்டுவன் மேடம்.”

“எரியாம கட்டுவியோ?”

“புதுக் கம்பி இருந்தா எரியாது.”

சிரித்தார். நான் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன். சான்றிதழ் கிடைத்த அன்றே அனுமதி முடியும் என்பதையும் சொன்னேன். அவருக்கு விதி தெரிந்திருந்தது. அது யார் தலையில் விழும் என்று பொருத்திப் பார்த்திருக்கவில்லை.

“முகாமுக்குப் பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்குமே?”

“காது கேக்கிற பிள்ளையளுக்கு இருக்கு.”

உள்ளே பாட்டு நடந்தது.

“இதை ஏன் யாருமே எங்கிட்ட சொல்லலை?”

“நீங்கள் சந்தோசமா இருந்தியள் மேடம்.”

அந்த வாரம் அவர் அலைந்தார். கோட்டைக்குப் போனார், போலீஸ் அலுவலகத்துக்குப் போனார். எங்கும் மரியாதையாக உட்கார வைத்து, விதி விதிதான் என்று சொல்லி அனுப்பினார்களாம். கடைசியில் மாடிக்கு வந்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “உங்க ரெண்டு பேர் பேரையும் குடுத்திருக்கேன். வரவர் யாரைச் சொல்றாரோ அவர்தான். அதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்லை.” முகம் வாடியிருந்தது. அன்று யாரும் கைதட்டவில்லை.

மறுநாள் மாஸ்டர் ஒரு பொட்டலத்தை என் முன்னால் போட்டார். புதுச் செம்புக் கம்பி.

“இன்னா பாக்குற? திருடல நைனா. கல்யாண மண்டபத்துல வேலை, அதுல மிச்சம். ஒழுங்கா கட்டு. இந்த ஒரு தபா மட்டும் ஒழுங்கா கட்டு.”

கட்டினேன். ஒரு வருடமாக மறந்தவன் போல நடித்த கை, அன்று மறக்க மறுத்தது. வார்னிஷ் பூசி வெயிலில் காய வைத்தேன். மாஸ்டர் கூடத்தின் நடுவில், மேடம் நாற்காலி போடச் சொன்ன இடத்துக்கு நேர் மேலே, ஃபேனை மாட்டினார்.

அதிகாரி கத்திரி வெயிலில் வந்தார். பருமனான மனிதர், இந்தி பேசினார். கூட வந்த மாநில அலுவலர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். அவர்கள் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. கூடத்துக்கு வந்து நின்றவர், அசையாத ஃபேனை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். நான் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றேன். விரல் ஸ்விட்சின் மேல்தான் இருந்தது, ஆனால் அதனால் பயனில்லை.

“வெயில்ல லோடு ஜாஸ்தி, வந்துரும் சார்,” என்றார் மாஸ்டர், யாரும் கேட்காமலே.

தையல் மெஷினுக்குக் கரண்ட் வேண்டாம். அதனால் எல்லோரும் தையல் அறைக்குப் போனார்கள். அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கை மட்டும் இன்னும் தைத்துச் சேர்க்காத ஒரு பிளவுஸ்.

“கை வச்சுத் தைச்சுக் காட்டச் சொல்றார்மா,” என்றார் மாநில அலுவலர்.

அக்கா மிதிக்கத் தொடங்கினார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். மெஷின் சத்தம் ஒரே சீராகப் போனது. தைத்து முடித்து நூலைக் கத்தரித்து, உள்ளங்கையால் தேய்த்து மடித்து நீட்டினார். அதிகாரி வாங்கிப் புரட்டினார். தலையை ஆட்டினார். திருப்தியாக இருந்தது அவருக்கு. பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, அவரும் சந்தோஷமாக எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

அந்த மனிதருக்குத் துணியைப் பற்றி எதுவும் தெரியவில்லை. வலது கையை இடது பக்கமும், இடது கையை வலது பக்கமும், அதில் ஒன்றை உள்வெளியாகத் திருப்பியும் அக்கா தைத்திருந்தார். கதவோரம் நின்ற எனக்கே தோள் முறுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. அக்கா தன்னால் முடிந்த அளவு தோற்றுப் பார்த்துவிட்டார். அதையும் தேர்ச்சி என்று எழுதப் போகிறார்கள்.

மேடம் கையை நீட்டிப் பிளவுஸை வாங்கினார். விரித்தார். ஒரு தடவை அக்காவைப் பார்த்தார். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடம் தன் கையை அந்தக் கைக்குள் நுழைத்து, முழங்கைக்கு மேல் போகாமல் துணி திருகிக்கொண்டு நிற்பதை அதிகாரிக்குக் காட்டி, இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். பாடம் நடத்திய குரல். அதிகாரியின் முகம் மாறியது. மேடம் எங்கள் பக்கம் திரும்பி, தமிழில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“இவளுக்கு இன்னும் கை வரலை. ஒரு வருஷமாவது பழகணும்னு சொல்லியிருக்கேன்.”

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பார்த்தவர்கள் வெட்கத்தில் என்று நினைத்திருப்பார்கள்.

இனி மிஞ்சியது நான். கரண்ட் வரவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் இறங்கிப் போய்விட்டால், தேறியவர் யாரும் இல்லை. இல்லையென்றால் அடுத்த வருடப் பணம் இல்லை. மேடம் அவரைக் கூடத்தில் உட்கார வைத்து, வடையும் காபியும் கொண்டுவரச் சொன்னார். மயிலாப்பூரிலிருந்து வந்த வடை. அதிகாரி ஒன்று தின்றார், மேடம் இன்னொன்று வைத்தார். வேண்டாமென்றார், மேடம் சட்னி ஊற்றினார். அந்த வடைகள் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவர் கை கழுவி எழுந்து நின்றபோது தெருவில் ஏதோ ஒரு வீட்டில் ரேடியோ பாடத் தொடங்கியது. நான் ஸ்விட்சை அழுத்தினேன். ஃபேன் ஒரு முனகல்கூட இல்லாமல் சுற்றத் தொடங்கி, வேகம் பிடித்தது. அதிகாரி அப்படியே மறுபடி உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். இன்னொரு காபி கேட்டார். கால் மணி கடந்தது. நான் மூக்கை மட்டும் நம்பிக்கொண்டு நின்றேன். நாற்றம் வரவில்லை. மாஸ்டர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“எங்கே கடை வைக்கப் போறேன்னு கேக்கறார்,” என்றார் மாநில அலுவலர்.

“எங்க விட்டாலும் வைப்பன்.”

நான் சொன்னதைவிட நீளமாக அவர் இந்தியில் சொன்னார். அதிகாரி எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சான்றிதழும், ஓர் இரும்புப் பெட்டியில் ஸ்பேனர், குறடு, டெஸ்டர் எல்லாம் அடங்கிய தொகுப்பும் தந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள் அந்தச் சான்றிதழை மடிக்காமல் பிடித்துக்கொண்டு போலீஸ் அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் என் வயது இருப்பார். வாசித்தார்.

“நல்லது. பயிற்சி முடிஞ்சுது. வர்ற திங்கள்கிழமைக்குள்ள முகாமுக்குப் போயிரு.”

“இதை வச்சுக்கொண்டு திருப்பூர் போகலாமோ சார்?”

“எதை வச்சு?”

நான் சான்றிதழைக் காட்டினேன். முத்திரை இருந்த இடத்தையும் விரலால் காட்டினேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இது நீ தொழில் கத்துக்கிட்டேன்னு சொல்றதுப்பா. எங்க வேணா போகலாம்னு சொல்றது இல்ல. அப்படி ஒண்ணு உங்களுக்குக் கெடையாது.”

போகிற அன்று அக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடையாறு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். நன்றி சொல்லவில்லை. சண்டை பிடித்தார்.

“நான் உன்னைக் கேட்டனானோ? நான் என்ர பாட்டைப் பாத்திருப்பன். பெரிய ஆள் மாதிரி.”

“பிளவுஸைப் பாத்தனான் அக்கா. ஊரிலை அப்பிடித் தைச்சிருந்தா அடிச்சிருப்பாங்கள்.”

“போடா,” என்றார். முகத்தைப் பிளவுஸ் கையில் துடைத்துக்கொண்டார்.

பிள்ளை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க போறே மாமா?” வடக்கே, தூரம், என்று மெதுவாக வாயசைத்துச் சொன்னேன். “எப்போ வருவே?” என்றாள். நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பவன் போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவளிடம் பொய் சொல்ல வேண்டுமென்றால் முகத்தைக் காட்ட வேண்டும்.

முகாமில் முதலில் எல்லோரும் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஃபேன் வைத்திருந்தவர்கள் இரண்டு மூன்று பேர். அவற்றைக் கட்டிக் கொடுத்தேன். அதோடு தொழில் முடிந்தது. குறடு இரவல் போனது, ஸ்பேனர் கைப்பம்புக்குப் போனது. உதவிப்பணம் எனக்கு நின்றுவிட்டது, அரிசி மட்டும் வந்தது. மாலை ஆறு மணிக்கு வரிசையில் நின்று பெயர் சொன்னேன். பகலில் கம்பிவேலி ஓரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பேன். திரும்பி நடப்பேன். சென்னையில் அந்த விளிம்பை நினைத்து வந்த கோபம்கூடச் சில நாள் வராது. அதுதான் பயமாக இருந்தது.

மழைக்காலம் போய், அடுத்த வெயில் வந்தது. ஒருநாள் காலை மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். மேசை போட்டு முகாம் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாஸ்டர் நின்றார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. என்னைக் கண்டதும் ஓரமாக வந்தார்.

“எப்டி கீற நைனா? இளைச்சுட்ட.”

“பணம் வந்துட்டுதோ?”

“வந்துச்சு. புச்சா பத்துப் பேர எடுக்கச் சொல்லி என்னையும் இட்டாந்தானுங்கோ.” குரலைத் தாழ்த்தினார். “அக்கா கீது. அதே மெஷினு. மேடம் வாரா வாரம் வந்து, இன்னும் வரல, இன்னும் வரலன்னு எழுதிக்கினு போவுது. பாப்பா நல்லாப் பேசுது. ஸ்கூல்ல மேடைல ஏத்தி வாசிக்க வச்சாங்கோ.”

“நீங்கள்?”

“நம்ம குட்சைங்கள எடுத்துட்டான். ஊருக்கு வெளில, ரெண்டு பஸ் மாறி வர்ணும்.” தோளைக் குலுக்கினார். “வர்றேன். இன்னா பண்றது.”

மேசையிலிருந்து அதிகாரி சத்தமாகச் சொன்னார். தொழிற்பயிற்சி, சென்னையில், இரண்டு பிரிவு. விருப்பமுள்ளவர்கள் கையைத் தூக்கலாம்.

நான் தூக்கினேன். தையல் என்றேன். ஆண்களில் ஒருவரும் தையல் கேட்டிருக்கவில்லை. திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி பட்டியலில் என் பெயரைத் தேடினார். விரல் ஓரிடத்தில் நின்றது. “நீ தன்னிறைவு அடைஞ்சவன்னு இருக்கே. உனக்கு இல்லப்பா. இது இன்னும் அடையாதவங்களுக்கு.”

மைதானம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்தேன். மாஸ்டர் மட்டும் சிரிக்காமல், மேசையைச் சுற்றி வந்து அதிகாரியிடம் குனிந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். அதிகாரி கேட்டுக்கொண்டே தலையை இல்லை என்று ஆட்டினார். என் கை இன்னும் மேலேதான் இருந்திருக்கிறது. பின்னால் நின்ற ஒருவர் அதைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.